அடிநாதம் தெளிந்த கதை

சென்ற தைத் திங்களில் நம் சங்கத்தின் பொங்கல் விழாவிற்கு வந்திருந்த அன்பர்கள், சிறுமியரின் கும்மி நிகழ்ந்த அந்த ஆறு நிமிடங்களை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். மறந்திருப்பின் நமக்கு மகிழ்ச்சியே. கீழ்ச்சுரம் ஒன்று எழுந்ததும் மண்டபத்தின் தகரக் கூரை தடதடவென்று ஆடிற்று. அடுத்த சுரம் ஆடு கத்துவது போல நடுங்கிற்று. அதற்கும் அடுத்தது வந்ததா இல்லையா என்பதே எவருக்கும் தெரியவில்லை. முன்வரிசைச் சிறுமியர் ஒரு தாளத்திலும் பின்வரிசைச் சிறுமியர் வேறொரு தாளத்திலும் கை கொட்டினர். கடைசியில் ஒரு குழந்தை அழுதுகொண்டு மேடையை விட்டே இறங்கிவிட்டது.

அவ்விசையைக் கணினியில் அமைத்தவன் நம் தமக்கையின் மகன். கல்யாணில் நம் ரயில்வே குடியிருப்பில் நம்முடன் தங்கிப் பாலிடெக்னிக்கில் படித்து வருபவன், வயது 19. மறுவாரம் கூடிய காரியக் கமிட்டியில், "இனி இயந்திர இசை வேண்டா, பழைய ஒலிநாடாவே போதும்" என்று பெரியவர் ஒருவர் பிரேரணை கொணர்ந்தார். காரியதரிசி அவர்கள் இடையிட்டு, சித்திரைப் புத்தாண்டு விழாவிற்கு ஒரு முறை மட்டும் வாய்ப்பளிப்பது, முந்தைய நாள் கமிட்டியார் கேட்டு இசைவு தந்தாலன்றி மேடையேற்றுவதில்லை என்று ஒரு சமரசம் செய்துவைத்தார். நாமும் அக்கமிட்டியில் ஓர் அங்கத்தினரே. எனினும் பையனுக்காக ஒரு வார்த்தை பேசாமல் வாய்மூடி அமர்ந்திருந்தோம். அது இன்றளவும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

பையன் நான்கு நாட்கள் யாருடனும் பேசவில்லை. மடிக்கணினியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டான். ஐந்தாம் நாள் இரவு, "மாமா, நம்ம வீட்டிலே நல்லாத்தானே கேட்டுச்சு? மண்டபத்திலே ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்டான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கு விடை தெரியவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி என்று மட்டும் தெரிந்தது. பொருள் அனுப்பிய நிலையத்தில் எடை ஒன்று, சேர்ந்த நிலையத்தில் எடை வேறு என்றால், பார்சல் குமாஸ்தாவாகிய நாம் முதலில் பொருளைக் குறை கூறமாட்டோம், தராசைப் பார்ப்போம். இங்கும் தராசைப் பார்ப்பதென்று இருவரும் முடிவு செய்தோம்.

நேயர்களிற் சிலர் வீட்டிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கக்கூடும் ஆதலின், பொருளைச் சற்று விளக்கிச் சொல்லுதல் நலம். நம் இசையில் மந்தர ஸ்தாயி உண்டு, அதற்கும் கீழே அனுமந்தரம் உண்டு. இக்கால மின்னணு இசையில் அவ்வனுமந்தரத்தையும் கடந்து கீழே ஒரு நாதத்தை வைக்கின்றனர். பிள்ளைகள் அதனைச் சப்-பேஸ் என்பர். நாம் அதனை அடிநாதம் என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 60 அதிர்வு வரை அதன் எல்லை. மனிதச் செவிக்குக் கேட்கத் தொடங்குவதே 20-இல்தான். ஆதலின் இது செவியின் வாயிற்படியில் நிற்கும் ஒலி. பாதியைக் காது கேட்கிறது. பாதியை மார்பும் வயிறும் உணர்கின்றன.

இஃது எங்கிருந்து வந்தது? ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில், தெருவோரம் பெரும் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி ஆடும் வழக்கம் 1950-களிலேயே வேரூன்றிவிட்டது. அங்கே ஆஸ்போர்ன் ரட்டக் என்பவர், கிங் டப்பி என்று ஊரார் அழைத்தவர், ரேடியோ முதலிய மின்கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவர். தாமே பெருக்கிகளைக் கட்டி, பதிவான பாட்டுகளிலிருந்து குரலை நீக்கி, அடிநாதத்தையும் தாளத்தையும் முன்னிறுத்தி 1970-களில் ஒரு புதுக்கலையையே உண்டாக்கினார். அவரைப் போலவே ஜப்பானில் இக்குடாரோ காகேஹாஷி என்பவர் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் தொடங்கியவர். 1972-இல் ரோலண்ட் என்னும் கம்பெனியை நிறுவினார். அக்கம்பெனி 1980-இல் வெளியிட்ட டி.ஆர்-808 என்னும் தாளப்பெட்டி மெய்யான முரசைப் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினர். 1983-இல் அதன் உற்பத்தியே நின்றது. விற்றது 12,000 பெட்டி அளவே. ஆனால் பழம்பொருளாக மலிவு விலைக்கு வந்த அதனை அமெரிக்க இளைஞர் வாங்கினர். அதன் பெருமுரசொலி நெடுநேரம் இழைந்து நிற்கும். அவ்விழைவையே அவர்கள் அடிநாதமாக ஆக்கிக்கொண்டனர். இன்று உலகெங்கும் பிள்ளைகள் '808' என்று எண்ணைச் சொன்னாலே அவ்வொலியைத்தான் குறிக்கின்றனர். நம் மும்பையிலேயே, திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்பவர் 1982-இல் அதே 808-ஐ வைத்துப் பத்து இராகங்களை ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதனைச் சீந்துவாரில்லை. 2010-இல் அது மறுபதிப்பான பின்னர் வெளிநாட்டார் வியந்து பாராட்டினர். இயந்திர இசை நம்மவர்க்கு ஆகாது என்று பிரேரணை கொணர்ந்த பெரியவர் இதனைக் கவனிப்பாராக என்று, கமிட்டியில் சொல்லத் தவறியதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

இனி நம் வீட்டுத் தராசைக் காண்போம்.

பையனின் பாட்டு மோகன இராகம். சிறுமியர் பாடுவது ஐந்து கட்டைச் சுருதி. ஆதலின் அடிநாதத்தின் ஷட்ஜம் நொடிக்கு 49 அதிர்வு, ரிஷபம் 55, காந்தாரம் ஏறத்தாழ 62, ஷட்ஜத்திற்குக் கீழே இறங்கினால் பஞ்சமம் 36.7. இவ்வெண்களை அவன் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். அவன் பாட்டமைக்கும் அறையின் நீளம் பதினொன்றரை அடி. ஒலிபெருக்கிப் பெட்டி ஒரு சுவரோரம் இருக்கும். அறையின் நட்டநடுவே பாயை விரித்து, மடிக்கணினியை மணைமேல் வைத்து அவன் அமர்வான்.

நம் நாட்டு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். 50 அதிர்வுள்ள ஒலியின் அலை ஒன்றின் நீளம் ஆகவே 7 மீட்டர். பாதி அலை மூன்றரை மீட்டர். பதினொன்றரை அடி என்பதும் மூன்றரை மீட்டரே! பாதி அலை அறையின் இரு சுவர்களுக்கிடையே அச்சுப் போல அமர்ந்துகொள்கிறது. அவ்வாறு அமர்ந்தால் சுவரோரங்களில் ஒலி பெருகும். நட்டநடுவே ஏறக்குறைய மறைந்தே போகும். பையன் அமர்ந்திருந்ததோ நட்டநடுவே. தன் பாட்டின் ஷட்ஜம் கேட்கவில்லையே என்று அவன் அதனை மேலும் மேலும் ஏற்றினான். 6 டெசிபல் ஏற்றினாலே பெருக்கியின் சக்தி நான்கு மடங்கு வேண்டும். அவன் ஏற்றியது அதற்கும் மேல். மண்டபத்தில் அந்தப் பதினொன்றரை அடி இல்லை. ஆகவே அங்கே ஷட்ஜம் தன் முழுவுருவில் எழுந்து கூரையைப் பிடித்து உலுக்கிற்று.

இதனை நாம் நூலில் படித்ததோடு விடவில்லை, சோதித்தே அறிந்தோம். ஆனால் சோதிக்க நேரம் கிடைத்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

நம் அடுத்த வீட்டில் இருப்பவர் சரக்கு வண்டி ஓட்டும் லோகோ பைலட். அவருக்குப் பகல் என்றும் இரவு என்றும் இல்லை. அழைப்பு வரும் வேளையே வேளை. இரவெல்லாம் கண்விழித்து வண்டியோட்டி வந்தவர் பகலில் உறங்குவார். மேல்சுரங்களைச் செங்கற்சுவர் தடுத்துவிடும். அடிநாதத்தை அது தடுப்பதில்லை. பாட்டின் பிற பகுதிகள் யாவும் நம் வீட்டிலேயே தங்க, அந்த ஒன்று மட்டும் சுவரைக் கடந்து அவர் கட்டிலுக்குச் சென்றுவிடும். பொங்கலுக்கு முன்பே ஒருநாள் அவர் மனைவியார் வாயிலில் வந்து நின்றார். கோபமில்லை. "அண்ணே, நெஞ்சுக்குள்ளே தம்முதம்முன்னு இடிக்குதுன்னு அவரு எழுந்து உக்காந்திருக்காரு. ராத்திரி பத்து மணிக்கு வண்டி" என்று மட்டும் சொன்னார். நாம் தலைகுனிந்தோம். உறங்காத கண்களுக்குச் சிக்னல் எப்படித் தெரியும் என்பதை ரயில்வேயில் உள்ள எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்னும் 2000-ஆம் ஆண்டின் விதி ஊருக்கெல்லாம் பொருந்தும். எங்கள் குடியிருப்பிலோ யார் எப்பொழுது உறங்குகிறார் என்பதே விதி.

அன்று முதல் பையன் மிகத் தாழ்ந்த ஒலியிலேயே வேலை செய்யலானான். நல்லெண்ணத்தால் செய்த அச்செயலே இரண்டாவது பிழைக்கு வித்தாயிற்று. தாழ்ந்த ஒலியில் நம் செவி அடிநாதத்தைக் கேட்பதில் மிகவும் மந்தம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இலேயே இதனை அளந்து வெளியிட்டனர். பிற்கால அளவீட்டின்படி, 1000 அதிர்வுள்ள ஒலி 40 டெசிபலில் எவ்வளவு உரக்கக் கேட்குமோ, அவ்வளவு உரக்க 50 அதிர்வுள்ள ஒலி கேட்க 78 டெசிபல் வேண்டும். ஒலியைத் தாழ்த்தினால் முதலில் மறைவது அடிநாதமே. மறைந்ததை ஈடுகட்ட அவன் மறுபடியும் ஏற்றினான். அறை ஒருபுறம், தாழ்ந்த ஒலி மறுபுறம், இரண்டும் ஒரே திசையில் அவனைத் தள்ளின.

அடுத்த வீட்டு அம்மையாரிடம் கேட்டு, அவர் கணவர் வண்டியோடு வெளியூர் சென்றிருந்த ஒரு ஞாயிறு முற்பகல் கால்மணி நேரம் சோதனை செய்தோம். 49 அதிர்வுள்ள கலப்பற்ற ஒற்றை நாதத்தை மட்டும் ஒலிக்கவிட்டு நாம் சுவரிலிருந்து சுவருக்கு நடந்தோம். பையனும் நடந்தான், தமக்கையார்கூட ஊரிலிருந்து வந்திருந்தவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நடந்தார். சுவரோரம் காது கனத்தது. நான்கடி வைத்ததும் ஒலி மெலிந்தது. பாயின்மேல் நின்றபோது ஒலி நின்றே விட்டதோ என்று ஐயம் எழுந்தது. மறுசுவரை நெருங்க மீண்டும் பெருகிற்று. இதற்கிடையே சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் தாமாகப் பாடத் தொடங்கின. "இதுக்குத்தான் இவ்வளவு நாளா என் பிள்ளை பேச்சு வாங்கினானா?" என்றார் தமக்கையார். நாம் அதற்கு மறுமொழி சொல்லவில்லை.

விலையுயர்ந்த ஒலிபெருக்கிகள் வாங்கினால் தீரும் என்று பையன் முதலில் கருதினான். அவை நம் சம்பளத்திற்கு எட்டாதவை என்பது ஒருபுறம். எட்டினாலும், அதே அறையில் அதே பாயில் அமர்ந்தால் அவையும் அதே பொய்யைத்தான் சொல்லும். அறையை மாற்ற இயலாது, பாயை மாற்றலாம். பாயைச் சுவரை நோக்கி நான்கடி நகர்த்தினான். செலவில்லை. காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்றை மண்டபத்து மைக்செட்காரர் இரவல் தந்தார். ஹெட்போனுக்கு அறையில்லை; சுவரில்லை; அடுத்த வீடும் இல்லை. மார்பில் உணரும் பாதியை அது தராதெனினும், காது கேட்கும் பாதியில் பொய் சொல்லாது.

அதனைக் காதில் மாட்டிய முதல் நாளே ஆடு கத்திய மர்மம் வெளிப்பட்டது. 808-இன் ஒலி நெடுநேரம் இழையும் என்றோம் அல்லவா? ஷட்ஜத்தின் இழைவு அடங்குமுன்னரே ரிஷபம் தொடங்கிவிட்டது. 49-உம் 55-உம் ஒருங்கே ஒலித்தால், இரண்டிற்கும் உள்ள வேற்றுமையாகிய 6, நொடிக்கு ஆறு துடிப்பாக எழும். அதுவே அந்த நடுக்கம். பாயின்மேல் அமர்ந்திருந்தபோது ஷட்ஜமே அவன் காதில் விழவில்லை. விழாத ஒன்று எதனோடு மோதும்? ஆகவே வீட்டில் துடிப்பு இல்லை, மண்டபத்தில் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கட்டும், புதுச்சுரம் பிறந்ததும் பழையது விலகட்டும் என்று கணினியில் ஒரு கட்டளை உண்டு, அதனை அமைத்தான். அவ்வாறு திடீரென வெட்டினால் வெட்டுவாயில் 'டிக்' என்றொரு சத்தம் கேட்கும். சுரம் தொடங்கும்போதும் முடியும்போதும் நொடியில் ஆயிரத்தில் ஐந்து பத்துப் பங்கு நேரம் படிப்படியாக ஏறி இறங்கச் செய்தால் அது மறையும். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகளை விடலாகாது என்று நாம் சொன்னபோது, "மாமாவுக்கு எல்லாமே ரயில்தான்" என்று சிரித்தான். தைக்குப் பின் அவன் சிரித்தது அன்றுதான்.

அதே விதி முரசுக்கும் பொருந்தும். பெருமுரசின் அடியும் அடிநாதமும் ஒரே கணத்தில், ஒரே தாழ்விடத்தில் விழுந்தால், அலைகள் ஒன்றுக்கொன்று இசைந்தால் ஒலி பொங்கும். எதிர்த்தால் இரண்டும் தேயும். முரசு விழும் நொடியில் அடிநாதம் சற்றே தலைதாழ்த்தி, பின்பு நிமிரும்படி செய்யலாம். கம்ப்ரஸர் என்னும் கருவி இதற்கு உதவும். பையன் வேறொன்றும் செய்தான், அதுவே நமக்கு மிகவும் உவப்பானது. பாட்டில் மெய்யான மிருதங்கமும் இருந்தது, நம் சங்கத்து இளைஞர் ஒருவர் வாசித்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து பூசுவது ஏன்? அந்தப் பக்கம் கனத்து, தாழ்ந்த நாதம் தர வேண்டும் என்பதற்கே. நம் முன்னோரின் அடிநாதம் அங்கே இருக்கிறது! தொப்பி பேசும் இடங்களில் இயந்திரம் வாய் மூடட்டும் என்று அவன் முடிவு செய்தான். பாட்டில் நால்வகைக் கருவிகள் கீழே முண்டியடித்துக்கொண்டிருந்தன. சிறுமியரின் குரல், வீணையொலி, சலங்கை, கைகொட்டு ஆகியவற்றின் பதிவுகளில் எல்லாம் மின்விசிறியின் இரைச்சலும் தரையதிர்வும் பயனின்றிக் கீழே கிடந்தன. வடிப்பான் இட்டு, அவ்வவற்றிற்கு வேண்டாத தாழ்பகுதியை அறவே நீக்கினான். நீக்கியதால் வீணையோ குரலோ சிறிதும் மெலியவில்லை. அடிநாதத்தின் மேலிருந்த சேறு மட்டும் விலகிற்று. அடிநாதத்தை ஏற்றாமலே அது தெளிவாகக் கேட்டது. தெளிவு என்பது பெரும்பாலும் இதுவே என்று இப்பொழுது எண்ணுகிறோம்.

மிருதங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒருவரை நினையாதிருக்க இயலவில்லை. சர் சி. வி. இராமன் அவர்கள் கல்கத்தாவில் நிதி இலாகா உத்தியோகம் பார்த்துக்கொண்டே, அலுவல் முடிந்த வேளைகளில் பௌபஜாரில் இருந்த அறிவியற் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தவர். நம்மைப் போல ஊர்விட்டு ஊர் போன உத்தியோகத்தரே! மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோலில் இடும் கரிய சாந்தினால் அவற்றின் மேற்சுரங்கள் ஒழுங்குற அமைகின்றன என்பதை 1920-இல் உலகிற்கு எடுத்துக் காட்டினார்.

அம்மேற்சுரங்களே நம் மூன்றாவது மர்மத்தைத் தீர்த்தன. கீழ்ப் பஞ்சமம், 36.7 அதிர்வு, மண்டபத்தில் மறைந்தது ஏன்? வீட்டுச் சிறுபெட்டி அவ்வளவு தாழ்ந்த நாதத்தைப் பாடவே வல்லதன்று. ஆயினும் முயன்று, திணறி, அந்தத் திணறலில் இரட்டை, மும்மடங்கு அதிர்வுள்ள மேற்சுரங்களை எழுப்பிவிடுகிறது. 73, 110 என அவை வரிசையாகக் கேட்டால், இவற்றிற்கெல்லாம் மூலம் 36.7 என்று மனம் தானே ஊகித்து இல்லாத மூலத்தையும் கேட்டதாகக் கொள்கிறது! பையன் வீட்டில் கேட்டது பெட்டியின் திணறலை. மண்டபத்துப் பெரிய பெட்டிகள் 18 அங்குல ஒலிபெருக்கி உடையவை, திணறாதவை. ஆனால் அவையும் 40-க்குக் கீழே குரல் இறக்க மாட்டா. ஆகவே அங்கே மூலமும் இல்லை, மேற்சுரமும் இல்லை, வெறுமைதான். "உங்க பாட்டிலே அடியிலே ஏதோ கிடக்குது, பெட்டியோட காகிதம் சத்தமில்லாம முன்னும் பின்னும் ஆடுது, சக்தியை எல்லாம் அதுவே குடிக்குது" என்று மைக்செட்காரர் தம் மராத்தியில் விளக்கினார். அவர் பள்ளி சென்றது நம்மினும் குறைவு. அறிந்தது நம்மினும் மிகுதி.

பையன் அந்தப் பஞ்சமத்தை ஒரு ஸ்தாயி உயர்த்தி 73-இல் வைத்தான். 30-க்குக் கீழே கிடந்தவற்றை வடித்தெறிந்தான். பிறகு அடிநாதத்தைச் சிறிதளவே கரகரக்கச் செய்து, வேண்டுமென்றே மேற்சுரங்களை உண்டாக்கினான். உப்பைப் போல ஒரு சிட்டிகை. மிகுந்தால் பண்டம் கெடும். இதனால் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில்கூட அடிநாதத்தின் நடை தெரிகிறது. ஊரிலிருக்கும் பாட்டிமார்கள் பேத்தியின் கும்மியைக் கைப்பேசியில்தானே பார்க்கப் போகிறார்கள்? இன்னொன்று: அடிநாதத்திற்கு இடம் வலம் என்ற அகலம் தேடலாகாது. இடப் பெட்டிக்கும் வலப் பெட்டிக்கும் அலை மாறுபட்டால், மண்டபத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். நடுவே ஒற்றையாக நிற்றலே அதற்கு அழகு.

சித்திரை விழாவின் முந்தைய நாள் பிற்பகல். கமிட்டியார் நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். பாட்டைத் தொடங்குமுன்னரே ஒலிபெருக்கியில் 'உம்' என்றொரு முனகல். அதனோடு ஷட்ஜம் சேர்ந்ததும் நொடிக்கு ஒருமுறை ஒலி வீங்கித் தணிந்தது. பையனின் முகம் வெளுத்துவிட்டது. பெரியவர் காரியதரிசியைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் இம்முறை அவன் அஞ்சி ஓடவில்லை, விரல்விட்டு எண்ணினான். "மாமா, கரண்ட்! ஐம்பது! நம்ம சா நாற்பத்தொன்பது!" என்றான். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ரயில் கம்பியில் ஓடும் 25,000 வோல்ட்டும் அவ்வாறே. ஐம்பதுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் வேற்றுமை ஒன்று; நொடிக்கு ஒரு வீக்கம்! மடிக்கணினியின் சார்ஜர் மேடையின் ஒரு கோடியில் ஒரு பிளக்கிலும், மிக்ஸர் மறுகோடியில் வேறொரு பிளக்கிலும் இருந்தன. இரண்டையும் ஒரே பலகையில் செருகியதும் முனகல் நின்றது. இதற்காகச் சிலர் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடுவதுண்டு. அது உயிருக்கே ஆபத்து, எக்காரணத்தைக்கொண்டும் செய்யலாகாது.

பொங்கலன்று மேடையின் இருகோடியிலும் ஒவ்வொன்றாக நின்ற பெரும்பெட்டிகளை மைக்செட்காரர் இம்முறை மேடையடியில் ஒன்றையொன்று ஒட்டி நடுவில் வைத்தார். பிரித்து வைத்தால் மண்டபத்தில் சில வரிசைகளில் அடிநாதம் பெருகியும் சில வரிசைகளில் தேய்ந்தும் கேட்கும் என்றார். தகரக் கூரையின் தளர்ந்த ஆணிகளை நாமே ஏணிவைத்து ஏறி முறுக்கினோம். அதற்கும் கணினிக்கும் சம்பந்தமில்லை.

பாட்டு ஒலித்தது. ஷட்ஜம் வந்தது, ரிஷபம் வந்தது, பஞ்சமம் வந்தது, ஒவ்வொன்றும் தன்தன் இடத்தில். கூரை முழுதும் அடங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை, இரண்டோரிடத்தில் முணுமுணுத்தது. கேட்டு முடிந்ததும் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "கீழே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, ஆனா நிறுத்தினா என்னமோ போன மாதிரி இருக்கு" என்றார். கமிட்டியின் குறிப்பேட்டில் 'இசைவு அளிக்கப்பட்டது' என்று எழுதியவர் நாமே. தையில் பேசாத வார்த்தைக்கு அதுவே ஈடாகுமா என்பது தெரியவில்லை.

விழாவில் சிறுமியர் ஒரே தாளத்தில் கை கொட்டினர். பொங்கலன்று அழுத குழந்தை முன்வரிசையில் நின்றது. அடுத்த வீட்டு லோகோ பைலட் அன்று ஓய்வில் இருந்ததால் குடும்பத்துடன் வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் பையனை அழைத்து, "தம்பி, அடியிலே ஒரு சத்தம் விட்டியே, அது எத்தனை?" என்று கேட்டார். நாற்பத்தொன்பது என்றான். "எங்க எஞ்சினுக்குள்ளே டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு பாடிக்கிட்டே வரும், அதுவும் இந்த ஜாதிதான்" என்றார். மின்சாரம் ஐம்பது என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் இரட்டித்து நூறாக இருக்கும் என்று பையன் விளக்கினான். அவர் வியந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலை ஐந்து மணிக்கு வண்டி என்று எழுந்து சென்றார். அன்றிரவு பையன் ஹெட்போனோடுதான் வேலை செய்தான்.